மூளை எம்.ஆர்.ஐ. சிமுலேஷன்: பிளெயரில் சி.எஸ்.எஃப். கறுக்கவில்லை, கிரேடியன்ட் எக்கோவில் வரி வரியாகக் கோடு

#1 லிந்துலை_ஆசிரியர்

வணக்கம். உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகளையும், கதிர்ப்படவியல் படிக்க விரும்புகிறவர்களையும் சேர்த்து ஹட்டனில் ஒரு நாள் செயலமர்வு நடத்தப்போகிறோம். தோட்டப் பாடசாலையில் படிக்கிற பிள்ளை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தைத் தொட இன்னும் எத்தனையோ வருடம் ஆகலாம். அதன் கணக்கை இப்போதே கையால் செய்து பார்க்கலாம் என்பதுதான் எண்ணம். ஆய்வுகூடக் கணினிகளில் 4 ஜிபி நினைவகம்தான், கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. அதனால் பைத்தனும் அதன் எண் கணிப்புத் தொகுதியான நம்பையும் மட்டும் வைத்துச் செய்கிறேன்.

மாதிரித் தலை: மொன்றியல் நரம்பியல் நிறுவனத்தின் பிரெயின்வெப், சாதாரண மூளை, 1 மில்லிமீற்றர் வொக்சல் (முப்பரிமாணப் படக் கூறு), 181 × 217 × 181. இழைய இலக்கக் கோப்பை எடுத்து, ஒவ்வோர் இலக்கத்துக்கும் டி1 (நெட்டாங்கு காந்தமாக்கம் மீளும் நேரம்), டி2, டி2ஸ்டார் (குறுக்குக் காந்தமாக்கம் தேயும் நேரங்கள்), புரோத்தன் அடர்த்தி கொடுத்தேன். 1.5 தெஸ்லாவுக்கு பிரெயின்வெப் தரும் பெறுமானங்கள் (டி1, டி2, டி2ஸ்டார் மில்லிசெக்கனில், கடைசியில் அடர்த்தி):

சி.எஸ்.எஃப். (மூளை முண்ணாண் பாய்பொருள்): 2569, 329, 58, 1.00
நரைநிறப் பொருள்: 833, 83, 69, 0.86
வெண்ணிறப் பொருள்: 500, 70, 61, 0.77
கொழுப்பு: 350, 70, 58, 1.00

ஸ்பின் எக்கோ (180 பாகைத் துடிப்பால் எக்கோ எடுக்கும் முறை) சரியாக வருகிறது. டி.ஆர். (துடிப்பு மீண்டும் வரும் இடைவெளி) 500, டி.ஈ. (எக்கோ வரும் நேரம்) 15 வைத்தால் வெண்ணிறம் 0.39, நரைநிறம் 0.32, சி.எஸ்.எஃப். 0.17. டி.ஆர். 4000, டி.ஈ. 100 வைத்தால் 0.18, 0.26, 0.58 என்று அப்படியே தலைகீழாகிறது. இதைக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம்.

சிக்கல் இரண்டு.

1) பிளெயர், அதாவது சி.எஸ்.எஃப்.பின் சைகையை அடக்கி எடுக்கும் படம். வைத்தியசாலை அட்டவணையில் இருப்பதுபோல் டி.ஆர். 9000, டி.ஐ. (180 பாகைத் துடிப்புக்கும் 90 பாகைத் துடிப்புக்கும் இடையிலான நேரம்) 2200, டி.ஈ. 120 கொடுத்தேன். சி.எஸ்.எஃப். நிறைந்த மூளை அறைகள் கறுக்கவேண்டும். ஏறக்குறைய வெண்ணிறப் பொருளின் பிரகாசத்திலேயே நிற்கின்றன.

2) கிரேடியன்ட் எக்கோ, அதாவது 180 பாகைத் துடிப்பு இல்லாமல் காந்தப்புலச் சரிவால் (கிரேடியன்ட்) எக்கோ எடுக்கும் முறை. டி.ஆர். 18, டி.ஈ. 10, கோணம் 30 பாகை. இதற்குச் சூத்திரம் பாவிக்காமல், காந்தமாக்கம் நேரத்தோடு மாறுவதைச் சொல்லும் புளொக் சமன்பாட்டை ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஓட்டினேன். ஒவ்வொரு டி.ஆர். முடிவிலும் வாசிப்புத் திசையில் ஸ்பொய்லர் (மிஞ்சிய சைகையை அழிக்கக் கொடுக்கும் கிரேடியன்ட்): மீற்றருக்கு 10 மில்லிதெஸ்லா, 2.4 மில்லிசெக்கன். ஆனாலும் படம் முழுக்கக் கோடு கோடாக விழுகிறது.

எங்கே பிழைத்தேன்?

#2 பேராதனைப்பக்கம்

சேர், முதலாவதில் உங்கள் நிரலில் பிழை இல்லை. வேறொரு தலைக்குப் போட்ட டி.ஐ.யை இந்தத் தலைக்குப் போட்டிருக்கிறீர்கள்.

180 பாகைத் துடிப்புக்குப் பிறகு சி.எஸ்.எஃப்.பின் நெட்டாங்கு காந்தமாக்கம் மறையிலிருந்து ஏறி, பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் 90 பாகைத் துடிப்பைக் கொடுப்பதுதான் பிளெயர். அந்தக் கணம் டி1-ஐயும் டி.ஆர்.-ஐயும் பொறுத்தது:

டி.ஐ. = டி1 × [மடக்கை 2 − மடக்கை (1 + எக்ஸ்ப்(−டி.ஆர்./டி1))]

இயற்கை மடக்கைதான். டி1 2569, டி.ஆர். 9000 என்றால் எக்ஸ்ப் பகுதி 0.030, விடை 1704 மில்லிசெக்கன். நீங்கள் 2200 வரை காத்திருந்ததால் சி.எஸ்.எஃப். பூச்சியத்தைத் தாண்டி 0.18 வரை மீண்டுவிட்டது. டி.ஈ. 120-க்கான தேய்வைப் பெருக்கினால் 0.125. அதே படத்தில் வெண்ணிறம் 0.135, நரைநிறம் 0.174. நீங்கள் கண்ட காட்சி இதுதான்.

டி.ஐ.யை 1704 ஆக்கிப் பாருங்கள். சி.எஸ்.எஃப். பூச்சியம், நரைநிறம் 0.150, வெண்ணிறம் 0.130. பிரெயின்வெப்பின் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் தலையையும் எடுத்தால் இன்னும் நல்லது. அந்த நோயால் வெண்ணிறப் பொருளில் வரும் புண்ணுக்கு டி1 752, டி2 237, அடர்த்தி 0.76. இதே அமைப்பில் 0.36 வரும். சுற்றியுள்ள வெண்ணிறப் பொருளைப்போல் இரண்டே முக்கால் மடங்குக்கு மேல். பிளெயர் எதற்காக எடுக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட வேறொன்றும் தேவையில்லை.

#3 லிந்துலை_ஆசிரியர்

1704 கொடுத்ததும் அறைகள் சுத்தமாகக் கறுத்துவிட்டன. நன்றி. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது: வைத்தியசாலையில் 2200, 2400 என்று வைப்பவர்களுக்குக் கறுக்கிறதே? அப்படியானால் பிரெயின்வெப்பின் 2569 பிழையா?

#4 ஹப்புத்தளை_முகில்

பிழை என்று நான் சொல்லமாட்டேன். அது அந்த மாதிரித் தலைக்குத் தெரிவுசெய்து எழுதிய எண். உயிருள்ள உடலில், உடல் வெப்பநிலையில் சி.எஸ்.எஃப்.பின் டி1 4 செக்கனை ஒட்டியது. 4000 போட்டு அதே சூத்திரத்தை ஓட்டுங்கள்: 2370 மில்லிசெக்கன். வைத்தியசாலை எண் இங்கேதான் நிற்கிறது.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, பிரெயின்வெப் எண்களை அப்படியே வைத்து டி.ஐ.யை மாற்றுவது. மற்றது, சி.எஸ்.எஃப்.பின் டி1-ஐ 4000 ஆக்கி வைத்தியசாலை டி.ஐ.யையே வைப்பது. கதிர்ப்படவியலுக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கருத்து. 1704 என்று மனதில் பதிந்துவிட்டால் பின்னர் இயந்திரத்தின் முன்னால் நின்று தடுமாறும். ஆனால் பிரெயின்வெப் வெளியிட்ட படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிடப்போகிறீர்கள் என்றால் 2569-இல் கை வைக்கக்கூடாது. எதைச் செய்தாலும் எந்த டி1 என்று படத்தின் கீழே எழுதிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உண்மையான இயந்திரத்தில் பிளெயர், வேக ஸ்பின் எக்கோவாக ஓடும். மீட்சி தொடங்குவது கடைசி எக்கோ முடிந்த பிறகு. ஆகவே சூத்திரத்தில் டி.ஆர்.-இலிருந்து அந்த எக்கோ வரிசையின் நீளத்தைக் கழித்துப் போடவேண்டும். டி.ஆர். 9000-இல் அது சிறிய திருத்தம்தான். டி.ஆர்.-ஐ 5000-க்குக் குறைத்தால் கவனிக்கவேண்டி வரும்.

3 தெஸ்லாவுக்கு மாறினாலும் இதே கதைதான். அங்கே நரைநிற, வெண்ணிற டி1 இரண்டும் நீளும். 1.5 தெஸ்லா அட்டவணையை வைத்துக்கொண்டு மீடிறனை மட்டும் 63.9-இலிருந்து 127.7 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் அது 3 தெஸ்லா படம் ஆகாது.

#5 கொட்டகலை_நிலா

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கோப்பைத் திறக்கும் இடத்திலேயே நான் நிற்கிறேன். ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் படம் சாய்ந்து வருகிறது. ஒரு தடவை சாயாமல் வந்தது, அப்போது மூக்கு கீழே பார்த்தது.

#6 பதுளை_பைத்தன்

அக்கா, முதலில் கோப்பின் அளவைப் பாருங்க. சுருக்கம் அவிழ்த்த பிறகு சரியாக 7,109,137 பைட் இருக்கணும் (181 × 217 × 181). 14,218,274 இருந்தால் அது 16 பிட் கோப்பு, பைட்டாக வாசித்தால் படம் சிதறும். அளவு சரி என்றால் வரிசைதான் பிழை: எக்ஸ் வேகமாக மாறும், பிறகு வை, கடைசியில் இசட். நம்பையில் வடிவத்தை 181, 217, 181 என்று இசட், வை, எக்ஸ் ஒழுங்கில் கொடுங்க. 217 நடுவில் வரணும். அதைக் கடைசியில் வைத்தால்தான் நீங்க சொல்ற சாய்வு வரும்.

மூக்கு கீழே பார்ப்பது பிழை இல்லை. வை அச்சு பின்தலையில் −126-இல் தொடங்கி முன்னால் போகுது. மேட்பிளொட்லிப் முதல் வரியை மேலே வரையும். வரையும்போது தொடக்கத்தைக் கீழே வைக்கச் சொன்னால் மூக்கு மேலே வந்துவிடும்.

இடம் வலம் கவனம். எக்ஸ் −90-இல், அதாவது ஆளின் இடப்பக்கத்தில் தொடங்குது. அப்படியே வரைந்தால் ஆளின் இடது, படத்தின் இடது. வைத்தியசாலைப் படத்தில் ஆளின் இடது, படத்தின் வலதில் இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட முதல் இதைத் திருப்பிவிடுங்க.

இசட் 90-ஆம் வெட்டை எடுத்தால் பக்க அறைகள் தெளிவாகத் தெரியும்.

#7 கொட்டகலை_நிலா

சாய்வு போய்விட்டது, நன்றி தம்பி. ஆனால் புளொக் முறைக்குப் போனதும் கே-வெளி (படமாக மாற்றுமுன் சைகை நிரம்பும் கட்டம்) முழுவதும் "எண் அல்ல" என்று வருகிறது. ஓர் இடத்தில்கூட எண் இல்லை. சூத்திர முறையில் இந்தத் தொல்லை இருக்கவில்லை.

#8 பேராதனைப்பக்கம்

மண்டையோடு. பிரெயின்வெப்பில் அதற்கு டி1, டி2, டி2ஸ்டார், அடர்த்தி எல்லாமே 0. பின்னணிக்கும் அதுதான். சூத்திரத்தில் 0-ஆல் வகுத்தால் முடிவிலி வந்து, எக்ஸ்ப்(−முடிவிலி) 0 ஆகி, தற்செயலாகச் சரியாக முடிகிறது. டி2ஸ்டாருக்காக (1/டி2ஸ்டார் − 1/டி2) கணிக்கும்போது முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்கிறீர்கள். அங்கே பிறக்கிறது "எண் அல்ல". கே-வெளியின் ஒவ்வொரு புள்ளியும் எல்லா ஸ்பின்களின் கூட்டுத்தொகை என்பதால் ஒரே ஒரு கெட்ட ஸ்பின் போதும், முழுப் படமும் போய்விடும்.

அடர்த்தி 0-ஐவிடப் பெரிய வொக்சல்களை மட்டும் ஆரம்பத்திலேயே பிரித்து ஒரு நீண்ட வரிசையாக்கிக்கொள்ளுங்கள். பிழையும் போகும், கணிப்பு நேரமும் குறையும்.

#9 பேராதனைப்பக்கம்

சேரின் இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். இதில் சற்று நிற்கவேண்டும்.

ஸ்பொய்லரின் வேலை, ஒரு வொக்சலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான புரோத்தன்களின் அவத்தையை விசிறிபோல் விரித்து, அவற்றின் குறுக்குக் காந்தமாக்கக் கூட்டுத்தொகையைப் பூச்சியமாக்குவது. உங்கள் வொக்சலுக்குள் ஒரே ஒரு ஸ்பின். அது தன்னைத்தானே எப்படி அழிக்கும்? சுழலும், ஆனால் நீளம் குறையாது.

இப்போது உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். புரோத்தனுக்கு ஒரு தெஸ்லாவுக்கு 42.577 மெகாஹேர்ட்ஸ். 10 மில்லிதெஸ்லா × 2.4 மில்லிசெக்கன் என்பது மீற்றருக்கு 1021.8 சுற்று, அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு 1.022 சுற்று. ஸ்பின்கள் சரியாக 1 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்கின்றன. ஒரு முழுச் சுற்று சுற்றிய ஸ்பின்னும் சுற்றாத ஸ்பின்னும் ஒன்றுதான். ஆகவே 1000 சுற்று காணாமல் போய் 21.8 சுற்று மட்டுமே மிஞ்சுகிறது. உங்கள் பார்வைப் புலம் 240 மில்லிமீற்றர் என்றால் கே-வெளியில் ஒரு படி மீற்றருக்கு 4.17 சுற்று. ஸ்பொய்லர் பழைய சைகையை அழிக்கவில்லை, ஐந்து படி தள்ளி வைத்திருக்கிறது. அடுத்த டி.ஆர்.-இல் அது வாசிப்புக்குள் வந்து புதிய சைகையோடு குறுக்கிடுகிறது. கோடுகள் அதுதான்.

2.349 மில்லிசெக்கன் வைத்திருந்தால் இன்னும் மோசம்: சரியாக 1000 சுற்று, ஸ்பொய்லர் இருந்தும் இல்லாததுபோல்.

மருந்து: வொக்சலுக்குள் பல ஸ்பின். வெட்டின் தளத்தில் 4 × 4 என்று 16 துணை ஸ்பின் வைத்தால், 0.25 மில்லிமீற்றர் இடைவெளி. இதே ஸ்பொய்லருக்கு மிஞ்சும் சைகை 2.4 வீதம்தான்.

#10 ஹப்புத்தளை_முகில்

> இதே ஸ்பொய்லருக்கு மிஞ்சும் சைகை 2.4 வீதம்தான்

ஒரு டி.ஆர்.-க்கு அது உண்மை. ஆனால் ஸ்பொய்லர் டி.ஆர். தோறும் கூடிக்கொண்டே போகிறது. நான்கு டி.ஆர். கழித்துப் பாருங்கள்: 4 × 1021.8 = 4087. 0.25 மில்லிமீற்றர் இடைவெளிக்கு ஒரு முழுச் சுற்று மீற்றருக்கு 4000. மறுபடியும் 87 மட்டுமே மிச்சம், எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்கும். நான்கு டி.ஆர். என்றால் 72 மில்லிசெக்கன்தான். நரைநிறப் பொருளின் டி2 83 என்பதால் அந்தக் காந்தமாக்கத்தில் 42 வீதம் இன்னும் உயிரோடு இருக்கும். இடையில் வரும் துடிப்புகள் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், ஆனாலும் பொய் எக்கோ வரும். கோடு மெலியுமே தவிர மறையாது.

ஒழுங்கான இடைவெளிதான் இங்கே குற்றவாளி. இடைவெளியை எவ்வளவு சிறிதாக்கினாலும் பொய் எக்கோ தள்ளிப்போகுமே தவிர ஒழியாது. ஒவ்வொரு துணைக் கூட்டுக்குள்ளும் ஸ்பின்னை எழுமாற்றாக ஓர் இடத்தில் வையுங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் அரைக் கூடு வரை சீராகப் பரம்பிய ஒரு நகர்வு போதும். அதன்பின் எந்த ஸ்பொய்லருக்கும் எல்லா ஸ்பின்னும் ஒரே நேரத்தில் ஒன்றுசேராது. மிஞ்சுவது கோடாக வராமல் மெல்லிய இரைச்சலாக வரும். ஸ்பின் கூடக்கூட அதுவும் குறையும்.

ஆர்.எஃப். ஸ்பொய்லிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துடிப்பின் அவத்தையை ஒவ்வொரு டி.ஆர்.-இலும் 117 பாகைப் படியால் கூடிக்கொண்டு போகும் அளவில் மாற்றவேண்டும்: 0, 117, 351, 702 என்று. வாசிப்பின் அவத்தையையும் அதே அளவால் திருப்ப மறந்தால் படம் கலைந்துவிடும். அதிகம் பேர் விழும் குழி இது.

#11 லிந்துலை_ஆசிரியர்

இந்த விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்காதது. இருவருக்கும் நன்றி. ஆனால் 16 மடங்கு ஸ்பின், அதுவும் 4 ஜிபி கணினியில்? பிள்ளைகள் முன்னால் இரண்டு மணி நேரம் காத்திருக்க முடியாது.

#12 பதுளை_பைத்தன்

சேர், கணக்குப் பார்ப்போம். ஒரு வெட்டில் 181 × 217 = 39,277 வொக்சல். வெறும் இடத்தையும் வடிகட்டாமல் எண்ணினால்கூட 16 மடங்கு 628,432 ஸ்பின். ஒரு வாசிப்பில் 128 மாதிரி. நம்பை தானாக எடுக்கும் இரட்டைத் துல்லியச் சிக்கலெண்ணுக்கு 16 பைட், ஆக ஒரே தாயத்தில் 1.29 ஜிபி. இடைக்கால நகல் இரண்டு எடுத்தாலே கணினி வன்தட்டில் எழுதத் தொடங்கி உறைந்துவிடும்.

முழுத் தாயத்தையும் ஒரே தடவையில் கட்டாதீங்க. 50,000 ஸ்பின் வீதம் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் சைகையையும் கூட்டிக்கொண்டு போங்க. ஒற்றைத் துல்லியத்தில் ஒரு துண்டு 51 எம்பிதான். நேரமும் குறையும்.

ஒற்றைத் துல்லியத்துக்கு மாறும்போது ஒரு எச்சரிக்கை. பரிசோதனை தொடங்கியதிலிருந்து ஓடும் நேரத்தை ஒற்றைத் துல்லியத்தில் வைக்காதீங்க. டி.ஆர். 500-இல் 128 வரி என்றால் 64 செக்கன். அந்த இடத்தில் ஒற்றைத் துல்லியத்தின் மிகச் சிறிய படி ஏறக்குறைய 4 மைக்ரோசெக்கன். மாதிரிக்கு மாதிரி 30 மைக்ரோசெக்கன் எடுக்கிற இடத்தில் அது பெரிய ஆட்டம். நேரத்தை ஒவ்வொரு டி.ஆர்.-இலும் 0-இலிருந்து தொடங்குங்க.

துடிப்பு இல்லாத இடைவெளியில் சின்னச் சின்னப் படியாக ஓட்டவும் வேண்டாம். தளர்வுக்கும் சுழற்சிக்கும் சரியான விடை கையிலேயே இருக்கு: ஓர் எக்ஸ்ப், ஒரு திருப்பம். டி.ஆர். 18-ஆ 9000-ஆ என்பது கணிப்பு நேரத்தை மாற்றக்கூடாது. மாற்றினால் நிரலை இன்னும் சுருக்கலாம் என்று அர்த்தம்.

#13 பேராதனைப்பக்கம்

செயலமர்வுக்கு இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. டி.ஆர். முடிவில் எல்லா ஸ்பின்னின் குறுக்குக் கூறையும் நேரடியாக 0 ஆக்கிவிடுங்கள். இலட்சிய ஸ்பொய்லர் என்பது அதுதான். வொக்சலுக்கு ஒரு ஸ்பின் போதும், ஆர்.எஃப். ஸ்பொய்லிங்கும் தேவையில்லை. முதலில் இதைக் காட்டி, பிறகு உண்மையான ஸ்பொய்லரோடு ஒரு ஸ்பின் வைத்துக் கோடுகளைக் காட்டி, கடைசியில் எழுமாற்று ஸ்பின்களைக் காட்டினால், மூன்று படங்களில் பாடம் முடிந்துவிடும்.

இலட்சிய ஸ்பொய்லரில் உங்களுக்கு வரவேண்டிய எண்கள்: வெண்ணிறம் 0.070, நரைநிறம் 0.052, சி.எஸ்.எஃப். 0.021. இதிலிருந்து விலகினால் வேறு எங்கோ பிழை. தொடக்கத்தில் வெற்றுத் துடிப்புக் கொடுக்க மறக்கவேண்டாம். 30 பாகையில் நரைநிறப் பொருள் உறுதிநிலையிலிருந்து விலகியிருக்கும் அளவு தொடக்க விலகலின் 1 வீதமாகக் குறைய 28 டி.ஆர். ஆகும், சி.எஸ்.எஃப்.க்கு 31. கே-வெளியின் ஓரத்திலிருந்து வாசித்தால் அந்தத் தளம்பல் ஓரத்து வரிகளில் விழும். நடுவிலிருந்து தொடங்கினால் முழுப் படத்தின் மாறுபாட்டையே கெடுக்கும். 32 வெற்றுத் துடிப்பு வையுங்கள்.

#14 கொட்டகலை_நிலா

ஜெம்ரிஸ், கோமா எம்.ஆர்.ஐ. என்று ஆயத்தமான மென்பொருள்கள் இருக்கும்போது எல்லாவற்றையும் நாமே எழுதவேண்டுமா? எதை எங்கே பாவிக்கலாம்?

#15 ஹப்புத்தளை_முகில்

வேலைக்கு ஏற்ற கருவி. என் அனுபவ வரிசை இது.

ஜெம்ரிஸ்: ஜேர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் உருவானது, சி++. புளொக் சமன்பாட்டை மாறுபடி வகையீட்டுத் தீர்வியால் தீர்ப்பதால் துடிப்பின் வடிவம், வெட்டுத் தெரிவு எல்லாம் நுணுக்கமாக வரும். துடிப்பு வரிசையை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதவேண்டும். வரைகலை முகப்புக்கு மேட்லேப் வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டளை வரியில் ஓட்டலாம். லினக்ஸ் பழக்கம் இருந்தால் மட்டும் இறங்குங்கள். பல கருவகக் கணினியில் வேலையைப் பிரித்து ஓட்டும் வசதி உண்டு.

கோமா எம்.ஆர்.ஐ.: ஜூலியா மொழி. இரு பரிமாண மூளை மாதிரி உள்ளேயே இருக்கிறது, முகப்பும் கண்ணுக்கு இதமானது. முதல் தடவை நிறுவும்போது தொகுப்பு வேலை நீளும். 4 ஜிபி கணினியில் வேறெதையும் திறந்து வைக்காதீர்கள். தரவிறக்கம் பெரியது. செயலமர்வு நாளன்று எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் தரவிறக்கப் பார்த்தால் மலையில் எந்தச் சிக்னலும் தாங்காது. முதல் நாளே நிறுவி, ஒரு தடவை ஓட்டியும் வைத்துவிடுங்கள்.

பொஸம்: எஃப்.எஸ்.எல். தொகுதிக்குள் இருப்பது. தலை அசைவு, செயற்பாட்டு எம்.ஆர்.ஐ. என்று போகிறவர்களுக்கு.

ஒரு வரிசையை ஒரே தடவை எழுதிப் பல இடங்களில் ஓட்ட விருப்பமென்றால் பல்ஸ்சீக் வடிவம். பைபல்ஸ்சீக்கில் எழுதி கோமாவில் திறக்கலாம். இரண்டு இடத்தில் இடறும். முதலாவது அலகு: கிரேடியன்ட் மில்லிதெஸ்லாவில் அல்ல, மீற்றருக்கு ஹேர்ட்ஸில். நேரம் செக்கனில். இரண்டாவது நேரப் படி: மாதிரி இடைவெளி 0.1 மைக்ரோசெக்கனின் மடங்காகவும், கிரேடியன்ட் நேரங்கள் 10 மைக்ரோசெக்கனின் மடங்காகவும் இருக்கவேண்டும். 32 கிலோஹேர்ட்ஸ் என்று அழகாக வைத்தால் இடைவெளி 31.25 மைக்ரோசெக்கன், நேரச் சோதனையில் விழும். 30 மைக்ரோசெக்கன் வையுங்கள். 128 மாதிரிக்கு 3.84 மில்லிசெக்கன், இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும். பார்வைப் புலம் 240 மில்லிமீற்றருக்கு வாசிப்புக் கிரேடியன்ட் மீற்றருக்கு 138,889 ஹேர்ட்ஸ், அதாவது 3.26 மில்லிதெஸ்லா.

ஆனாலும் பிள்ளைகள் முதலில் தாங்களே எழுதிய ஐம்பது வரியில் ஒரு மூளை தோன்றுவதைப் பார்க்கவேண்டும் என்பதே என் விருப்பம். ஆயத்தமான மென்பொருளில் பொத்தானை அழுத்திய பிள்ளை, மேலே நாம் பேசிய ஸ்பொய்லர் கோட்டைக் கண்டால் மென்பொருள் பழுது என்று நினைத்துவிடும்.

#16 பேராதனைப்பக்கம்

முகில் சொன்ன வாசிப்பு எண்களோடு ஒரு குறி பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசிப்புக்கு முன் கொடுக்கும் ஆயத்தக் கிரேடியன்டின் பரப்பு, வாசிப்பின் பரப்பில் பாதி. கிரேடியன்ட் எக்கோவில் அது எதிர்க் குறி. ஸ்பின் எக்கோவில் 180 பாகைத் துடிப்புக்கு முன்னால் வைத்தால் அதே குறி, ஏனெனில் அந்தத் துடிப்பே அவத்தையைத் திருப்பிவிடுகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு நிரலை நகல் எடுத்துக் குறியை மாற்ற மறந்தால் எக்கோ வாசிப்புச் சாளரத்துக்கு வெளியே போய்விடும். படம் ஏறக்குறைய வெறுமையாக, ஓரங்கள் மட்டும் மின்னும்.

#17 கொட்டகலை_நிலா

எனக்குப் படம் வருகிறது, ஆனால் நான்காக வெட்டி மூலைகளை மாற்றி ஒட்டியதுபோல்!

#18 பதுளை_பைத்தன்

அக்கா, கடைசி ஷிஃப்ட் (தாயத்தின் பாதிகளை இடம் மாற்றுவது) விடுபட்டிருக்கு. ஒழுங்கு இதுதான்: கே-வெளிக்கு தலைகீழ் ஷிஃப்ட், பிறகு தலைகீழ் எஃப்.எஃப்.டி. (விரைவு பூரியே மாற்றம்), பிறகு ஷிஃப்ட். கடைசியை விட்டால் நீங்க பார்க்கிற நான்கு துண்டு. முதலாவதை விட்டால் அளவுப் படம் சரியாகத்தான் தெரியும், அவத்தைப் படம் சதுரங்கப் பலகையாக வரும். அது கண்ணில் படாமல் தப்பிவிடுவதால் அவத்தைப் படத்தையும் ஒரு தடவை வரைந்து பாருங்க.

#19 ஹப்புத்தளை_முகில்

இரைச்சல் சேர்ப்பதில் பலர் செய்யும் தவறையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். முடிந்த அளவுப் படத்தின் மேல் செவ்வன் பரம்பல் இரைச்சலைத் தூவக்கூடாது. கே-வெளியில் மெய்ப் பகுதிக்கும் கற்பனைப் பகுதிக்கும் தனித்தனியே, சம நியம விலகலோடு சேர்க்கவேண்டும். அதன்பின் மட்டு எடுத்தால் பின்னணி பூச்சியத்தில் நிற்காது. படத்தில் ஒவ்வொரு பகுதியின் நியம விலகல் சிக்மா என்றால் பின்னணியின் இடை 1.253 சிக்மா, அதன் நியம விலகல் 0.655 சிக்மா. உங்கள் படத்தின் வெறும் மூலையில் இந்த இரண்டையும் அளந்து விகிதம் பாருங்கள். 1.91 வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

அடுத்தது, மாதிரித் தலையின் கட்டமும் மீளமைத்த படத்தின் கட்டமும் ஒன்றாக இருக்கக்கூடாது. 1 மில்லிமீற்றர் வொக்சலை 1 மில்லிமீற்றர் பிக்சலாகவே மீட்டால் எழுதியதையே திரும்ப வாசிக்கிறீர்கள். மண்டையோட்டின் விளிம்பை ஒட்டி வரவேண்டிய கிப்ஸ் அலைகள்கூட (கூரிய விளிம்பருகே தோன்றும் பொய் வரிகள்) வராது. படம் இயந்திரத்தைவிடச் சுத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 240 மில்லிமீற்றருக்கு 128 என்றால் பிக்சல் 1.875 மில்லிமீற்றர், அது போதுமான இடைவெளி. 181 அகலத்தைப் பார்த்துப் பார்வைப் புலத்தை 200-க்குக் குறைத்தால் 217 நீளமுள்ள கட்டத்தின் திசையில் தலையின் விளிம்பு மறுபக்கத்தில் மடிந்து விழ இடமுண்டு. அதைப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே ஒரு தடவை செய்து காட்டலாம்.

கொழுப்பையும் மறக்கவேண்டாம். அதன் மீடிறன் நீரினதிலிருந்து 3.5 பி.பி.எம். (மில்லியனில் 3.5 பங்கு) விலகும்; 1.5 தெஸ்லாவில் அது 224 ஹேர்ட்ஸ். 30 மைக்ரோசெக்கன் அமைப்பில் பிக்சலுக்கு 260 ஹேர்ட்ஸ். ஆகவே தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு 0.86 பிக்சல் நகரும். கொழுப்பு இலக்கத்துக்கு மட்டும் இந்த மீடிறனைக் கொடுத்தால் போதும்.

#20 லிந்துலை_ஆசிரியர்

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிவிட்டேன். இலட்சிய ஸ்பொய்லரில் 0.070, 0.052, 0.021 வருகின்றன. எழுமாற்று 16 ஸ்பின்னில் கோடு மறைந்து மெல்லிய மணல்போல் ஓர் இரைச்சல் மட்டும் தெரிகிறது. பின்னணி விகிதம் 1.9. பிளெயருக்கு முகில் சொன்னபடி சி.எஸ்.எஃப். டி1 4000, டி.ஐ. 2370 என்று வைத்தேன், படத்தின் கீழே எழுதியும் விட்டேன்.

செயலமர்வு ஒக்டோபர் கடைசியில். பிற்பகல் இடியோடு மின்சாரம் போகும் காலம். நீண்ட ஓட்டத்தின் நடுவில் நின்றுவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டுமா?

#21 பதுளை_பைத்தன்

வேண்டாம் சேர். ஒவ்வொரு அவத்தைக் குறியீட்டு வரி முடிந்ததும் அந்த வரியைக் கோப்பில் எழுதிவிடுங்க. 128 சிக்கலெண், ஒற்றைத் துல்லியத்தில் சரியாக 1024 பைட். ஸ்பின் எக்கோவில் டி.ஆர். நீளமாக இருந்தால் விட்ட வரியிலிருந்து தொடரலாம். கிரேடியன்ட் எக்கோவில் அப்படி முடியாது, எல்லா ஸ்பின்னின் காந்தமாக்கமும் முந்திய டி.ஆர்.-ஐப் பொறுத்தது. பத்து வரிக்கு ஒரு தடவை மூன்று கூறுகளையும் சேமியுங்க. 628,432 ஸ்பின்னுக்கு 7.5 எம்பி. எழுமாற்று இடங்களின் விதை எண்ணையும் அதோடு எழுதிவையுங்க. விதை மாறினால் ஸ்பின்கள் வேறு இடத்தில் நிற்கும், பழைய வரியும் புதிய வரியும் ஒட்டாது.

#22 பேராதனைப்பக்கம்

சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதவேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் பழையதும் போகும், புதியதும் போகும். இரண்டு கோப்பை மாறி மாறிப் பாவியுங்கள்.

செயலமர்வில் காலையிலேயே கிரேடியன்ட் எக்கோவை ஓட்ட விட்டு, அது ஓடும் நேரத்தில் பிளெயரின் பூச்சியக் கணத்தைப் பிள்ளைகளைக் கையால் கணிக்கச் சொல்லுங்கள். டி1 2569-க்கும் 4000-க்கும் இரண்டு குழுவாகப் பிரித்துக் கொடுத்தால், இரண்டு விடையையும் கரும்பலகையில் எழுதும்போது கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

#23 லிந்துலை_ஆசிரியர்

அப்படியே செய்கிறேன். நிரலையும் மூன்று ஸ்பொய்லர் படங்களையும் நாளை இதே இழையில் ஏற்றுகிறேன். கொட்டகலையிலிருந்தும் பிள்ளைகளை அனுப்பலாம், நிலா டீச்சர். கணினி பன்னிரண்டு இருக்கிறது, ஒன்றுக்கு இருவர் உட்காரலாம்.